சௌந்தரவல்லியின் பெயரில் நுழைந்தவர்கள்

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை, காற்றில்லாமல், இடியில்லாமல், ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மருதங்கரை நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் வேலை தொடங்கிச் சற்று நேரமே ஆகியிருந்தது. கூடத்தில் கணினிகளின் முன் அமர்ந்திருந்த ஐந்து ஊழியர்கள், ஒருவரையொருவர் பார்க்காமலே, ஒரே வேளையில் வலக்கையைத் தூக்கி, மூக்கின் வலப்புறத்தில் இல்லாத மூக்குத்தியின் திருகை இறுக்கிக்கொண்டார்கள். ஐவரில் மூவர் ஆண்கள். அடுத்த கணம் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஐவருக்கும் நினைவுக்கு வந்தது. நாற்காலிகள் பின்னால் சரிய, குடையெடுக்கவும் நில்லாமல், ஐவரும் கீழவீதியை நோக்கி ஓடினார்கள்.

தெருக்குழாயில் குடம் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"என்ன சார், ஆபீஸே ஓடுது? எங்கயாவது மெயின் குழாய் உடைஞ்சிருச்சா?"

"இல்லம்மா, பால் பொங்குது!"

"யார் வீட்டுப் பால்?"

"எங்க வீட்டுப் பால்!" என்றார்கள் ஐவரும்.

அவர்கள் போய் நின்றது கண்காணிப்பாளர் சௌந்தரவல்லியின் வீடு. சாவி மின்சார மீட்டர் பெட்டிக்குள் இருப்பதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஐந்து கைகள் அந்தப் பெட்டிக்குள் நீண்டன. பால் அடிப்பிடித்திருந்தது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தில் நீரூற்றி, கதவைப் பூட்டித் திரும்பிய அவர்களை, தம் மேசையிலிருந்து ஓர் அங்குலமும் நகராமல் அமர்ந்திருந்த சௌந்தரவல்லி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பாலா? நான் இன்னிக்குப் பாலே வைக்கலையே."

இதற்குக் காரணம் தேடியவர்கள் சிலரே. அந்த அலுவலகத்தின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இது என்றாவது ஒரு நாள் நடந்தே தீரவேண்டிய ஒன்றாகவே தோன்றியது. கணினிகள் வந்த ஆண்டில், அவற்றையெல்லாம் ஒரு தலைமைக் கணினியோடு, அலுவலகத்தார் சொல்வதுபோலச் சொன்னால் சர்வரோடு, இணைத்துச் சென்றவர்கள், ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு பெயரும் அப்பெயருக்கு உரிய உரிமைகளும் வகுத்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் பார்க்கலாம், மாற்றக்கூடாது. ஒருவர் மாற்றலாம், அச்சிடக்கூடாது. ஒருவர் அச்சிடலாம், அழிக்கக்கூடாது. எல்லா உரிமையும் பெற்ற பெயர் சௌந்தரவல்லியின் பெயர் ஒன்றே. ஒரு வீட்டுக்குக் குழாய் இணைப்புக் கொடுப்பதற்குள் மூன்று மேசைகளுக்கு எழுந்து நடக்க வேண்டியிருந்ததால் சலித்துப்போனவர்கள், அந்த வாரம் முடிவதற்குள் தத்தம் பெயரை மறந்து, எல்லாக் கணினிகளிலும் சௌந்தரவல்லியாகவே நுழையத் தொடங்கினார்கள். பிறகு வந்தவர்களுக்குத் தமக்கென ஒரு பெயர் இருப்பதே தெரியாமற்போயிற்று. மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள், அந்தப் பெயரிலிருந்து யாரும் வெளியேறுவதில்லை.

கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றும்படி சர்வர் வற்புறுத்தும். அன்று காலை கடைத்தெருவில் எந்தக் காய் வாங்கினாரோ அதன் பெயரையே சௌந்தரவல்லி வைத்துவிடுவார். பழையது செல்லவில்லை என்று கண்டதும், தட்டச்சர் ஜுபைதா தம் இடத்திலிருந்தே குரல்கொடுப்பார்.

"அக்கா, இந்த மாசம் என்ன?"

"புடலங்காய்!"

கூடம் முழுவதும் அந்தச் சொல்லைத் தட்டும். வரிசையில் காத்திருக்கும் பொதுமக்களுக்கும் அது தெரியும். "போன மாசம் அவரைக்காய்தானே? அதுக்குள்ள மாத்திட்டாங்களா?" என்று ஒருவர் கேட்க, "அவரைக்கு விலை ஏறிப்போச்சு" என்று மற்றொருவர் விளக்கம் சொல்வார். இப்படிப் பதினோர் ஆண்டுகளாக ஒரு பெயருக்குள் ஓர் அலுவலகமே புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. புழங்கப் புழங்கக் கதவின் தாழ் தேய்வதுபோல, அந்தப் பெயரில் எதுவோ தேய்ந்திருக்கவேண்டும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை.

முதல் நாள் ஐவருக்கும் ஒன்றுபோல வந்தவை, அடுத்தடுத்த நாள்களில், மழைநீர் மேடு விட்டுப் பள்ளம் தேடித் தங்குவதுபோல, ஆளுக்கொன்றாகப் பிரிந்து தங்கின. சௌந்தரவல்லியின் இளமைப்பருவம் ஜுபைதாவிடம் தங்கியது. படித்துறை வழுக்கும் ஒரு குளமும், அதில் நீந்தக் கற்ற ஒரு கோடையும் அவருக்குச் சொந்தமாயின. இடது முழங்காலின் வலி ஓட்டப்பந்தய வீரராக இருந்த ஓர் இளம் எழுத்தருக்குப் போயிற்று. எந்தத் தெருவின் அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்த வால்வைத் திறக்குமுன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டவேண்டும் என்னும் அறிவெல்லாம் வால்வு வேலையைக் கவனிப்பவருக்குச் சேர்ந்தது. சர்க்கரை நோயும் சமையற் பக்குவமும் ஒன்றாகச் சேர்ந்து நான்காவது ஆளுக்கு வாய்த்ததால், அவர் அருமையான பாயசம் செய்யக் கற்றும் குடிக்க முடியாதவரானார். எழுத்தர் குணசீலனிடம் என்ன தங்கியது என்று கேட்டபோது மட்டும், "எனக்கு ஒண்ணும் வரல" என்று அவர் சொல்லிவிட்டார். ஐம்பதைக் கடந்தவர், மணமாகாதவர், மிதிவண்டிக் கடைக்கு மேலே ஒற்றையறையில் குடியிருப்பவர் ஆகிய குணசீலன், எதைக் கேட்டாலும் அப்படிச் சொல்பவர்தாம். ஆகவே யாரும் வற்புறுத்தவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்லத்தக்கது. தேநீர்க் கடைக்காரர் அலுவலகத்திற்குச் சர்க்கரையில்லாத் தேநீர் ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பின் கேட்கவில்லை. முழங்கால் வலிக்காக விடுப்புக் கேட்ட எழுத்தருக்கு, வலி அவருடையதன்று என்பதால் விடுப்பு உண்டா என்னும் கேள்வி எழுந்தது. தொழிற்சங்கத்தார் கூடி, வலிக்குச் சொந்தக்காரர் யாராயினும் நொண்டுபவருக்கே விடுப்பு என்று முடிவுசெய்து கொடுத்தார்கள். குழாய் வரி கட்ட வந்த கிழவர் ஒருவர், சௌந்தரவல்லி வேலையாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஜுபைதாவிடம் போய், "உங்கப்பாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம்மா" என்று தொடங்கினார். "தெரியுமே! நீங்க குளத்துல அப்பாவோட வேட்டியை ஒளிச்சு வச்சீங்களே" என்று ஜுபைதா சிரித்தார். சௌந்தரவல்லியும் அடுத்த மேசையிலிருந்து, பிறர் கதை கேட்பவரைப்போல ஆவலோடு கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

கணினிகளைக் கவனிக்க வாரந்தோறும் வியாழக்கிழமை வரும் சகாயராஜ், அடுத்த வாரம் மழை விட்டபின் வந்துசேர்ந்தார். அந்தச் சர்வரைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. யாருக்கு எந்த உரிமை கொடுப்பது, நின்றுபோனதை எப்படி ஓடவைப்பது என்பவை மாவட்டத்தில் அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தன. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தோள்பையை இறக்கிவைத்தார்.

"ஒரே பேர்ல எத்தனை பேர் உள்ள போறீங்க?"

"அஞ்சு பேர்."

"அப்ப அஞ்சு பேருக்கும் வரத்தானே செய்யும்?"

ஆயினும் அவருக்குள் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஜுபைதாவின் கணினிக்கு உரிய உரிமையைப் 'பார்க்க மட்டும்' என்று மாற்றிவிட்டு, "இப்ப அந்தக் குளத்தப் பத்திச் சொல்லுங்க" என்றார். ஜுபைதாவின் கண்முன்னே குளம் அலையடித்தது. தாமரையிலையின் மேல் நின்ற தவளையின் தொண்டை துடிப்பதுகூடத் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், ஒரு சொல்லும் வரவில்லை.

"சரியாத்தான் வேலை செய்யுது" என்றார் சகாயராஜ், உரிமையைப் பழையபடி வைத்துக்கொண்டே.

"பாவி! மூச்சே நின்னுபோச்சு" என்று ஜுபைதா தம் கைப்பையால் அவர் தோளில் ஓர் அடி வைத்தார்.

எல்லோரையும் அவரவர் பெயருக்குத் திருப்பிவிட்டால் இது நின்றுவிடும் என்று சகாயராஜ் சொன்னார். அலுவலகத்தின் தலைவரான உதவிப் பொறியாளர் கைகூப்பாத குறையாகத் தடுத்தார். "தம்பி, இப்பதான் ஊருக்குத் தண்ணி நேரத்துக்குப் போவுது. அந்தம்மா தலைக்குள்ள இருந்ததெல்லாம் அஞ்சு தலையில இருக்கு. தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க." சௌந்தரவல்லியும் அதையே விரும்பினார். முழங்கால் வலி போய்விட்டதால் மாடிப்படிகளில் சிறுமியைப்போல ஏறினார், எதுவும் நினைவில் இல்லாததால் பார்ப்பதெல்லாம் புதிதாக இருந்தது, தம் தெருவில் இருந்த வேப்பமரத்தை ஒரு மாலை வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இது எப்ப நட்டது?" என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டார். அதை நட்டவர் அவரே. தம் பெயரில் தாமே நுழைய முயன்றபோது, அந்தப் பெயர் இதற்குமேல் திறக்க இயலாத அளவுக்குத் திறந்திருப்பதாகச் சர்வர் அறிவித்தது. அதற்கும் அவர் வருந்தவில்லை. "எம் பேரு ரொம்ப வேலையா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நாளிதழை விரித்துக்கொண்டார்.

இப்படியே மார்கழி போயிற்று, தை போயிற்று. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போபாலில் கணவரோடு வசிக்கும் அவருடைய ஒரே மகள் மைதிலி வழக்கம்போல் தொலைபேசியில் அழைத்தாள். மகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் பெயர் மைதிலி என்பது சௌந்தரவல்லிக்குத் தெரியும். ஒரு நாட்டின் தலைநகர் இன்னது என்று தெரிவதுபோலத் தெரியும், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளாகவே அந்த அழைப்புகள் நலம் கேட்பதோடு முடிந்துவிடுபவை. அன்று சௌந்தரவல்லி, புதிதாகப் பழகும் ஒருத்தியிடம் கேட்பதுபோல, உள்ளன்போடு கேட்டார்.

"ஏம்மா, உனக்குக் கல்யாணமாகி இவ்வளவு நாளாச்சே, நீ ஏன் ஒரு கொழந்தை பெத்துக்கல?"

மறுமுனையில் மைதிலியின் குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"அன்னிக்கு நீ சொன்னதைக்கூட மன்னிச்சிடலாம்மா. இதை எப்படிம்மா மன்னிக்கிறது?"

"நான் என்ன சொன்னேன்?"

தொடர்பு அறுந்தது. அதன்பிறகு சௌந்தரவல்லி எத்தனை முறை அழைத்தும் மைதிலி எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் குரலில் இருந்ததை எவ்வளவு மறந்தவரும் கேட்டுப் புரிந்துகொள்வர். திங்கட்கிழமை காலையில் சௌந்தரவல்லி கூடத்தின் நடுவே வந்து நின்றார். "என் பொண்ணுகிட்ட நான் ஏதோ தப்பாச் சொல்லியிருக்கேன். அது உங்கள்ல யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். ஐவரும் தத்தமக்குள் தேடினார்கள். ஜுபைதா குளத்தின் அடிவரை இறங்கிப் பார்த்தார், வால்வுக்காரர் குழாய்க்குழாயாகத் தட்டிப் பார்த்தார், இல்லை. குணசீலன், "எனக்கு ஒண்ணும் வரல மேடம்" என்றார்.

வியாழக்கிழமை சகாயராஜ் வந்தார். இம்முறை உதவிப் பொறியாளரின் தடையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொருவராக வெளியேறுங்கள் என்று சகாயராஜ் சொல்ல, ஒவ்வொருவராகச் சௌந்தரவல்லியின் பெயரிலிருந்து வெளியேறினார்கள். இளம் எழுத்தர் வெளியேறியதும், நின்றிருந்த சௌந்தரவல்லி "ஐயோ" என்று நாற்காலியைப் பிடித்து அமர்ந்தார், முழங்கால் வந்துசேர்ந்துவிட்டது. சர்க்கரை வந்தது, சமையல் வந்தது, ஊரின் குழாய்கள் அத்தனையும் வரிசையாக வந்து தத்தம் தெருக்களின் அடியில் படுத்துக்கொண்டன. ஜுபைதா விசையை அழுத்துமுன் ஒருமுறை கண்களை மூடி, நீரில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அழுத்தினார். தம் மேசையிலிருந்த கணினியைக் குணசீலனும் அணைத்தார். ஆயினும் மகள் வரவில்லை.

"உங்க பேரு இன்னும் ஒரு எடத்துல திறந்திருக்கு மேடம். எந்தக் கம்ப்யூட்டர்னு காட்டல, பழைய மெஷினா இருக்கணும்" என்றார் சகாயராஜ்.

ஜுபைதா மெல்லத் திரும்பினார்.

"குணசீலன் அண்ணே, நீங்க ஏன் தினமும் பேப்பர்ல போபால் வெயிலப் பாக்குறீங்க?"

குணசீலன் எழுந்து, கூடத்தைக் கடந்து, பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறைக்குள் போனார். சௌந்தரவல்லி நொண்டிக்கொண்டே பின்தொடர்ந்தார். அவர்பின் சகாயராஜும் போனார். அங்கே மூலையில், ஒரு துண்டால் போர்த்தப்பட்டு, பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதத்திலிருந்து குணசீலன் அதை அணைத்ததே இல்லை. தம் மேசைக் கணினியை அணைத்தாலும் இது திறந்திருக்கும்வரை மகள் தம்மிடம் இருப்பாள் என்பதை அவர் கண்டறிந்திருந்தார்.

"நான் சர்வர்லேருந்தே துண்டிச்சிடலாம், ஆனா சேமிக்காததெல்லாம் அப்படியே போயிடும். யார்கிட்டயும் இருக்காது. சாரேதான் வெளிய வரணும்" என்றார் சகாயராஜ்.

"துண்டிக்க வேணாம்" என்ற சௌந்தரவல்லி, ஒரு கோப்புக்கட்டின் மேல் அமர்ந்தார். "அவ எப்படி இருப்பா, குணசீலன்?"

குணசீலன் துண்டை மடித்துக்கொண்டே பேசத் தொடங்கினார். அந்த அலுவலகத்தில் அவ்வளவு நேரம் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "எட்டு வயசுல சைக்கிள் கத்துக்கிட்டா மேடம். பிடியை விட்டுறாதேன்னு கத்திக்கிட்டே ஓட்டுவா. நான் எப்பவோ விட்டிருப்பேன். தயிர்சாதத்துல மாதுளை போட்டாத்தான் சாப்பிடுவா. சிரிச்சா விக்கல் வரும். கோபம் வந்தா பேசமாட்டா. செருப்பை மட்டும் ஒழுங்கா அடுக்கி வைப்பா." அவர் நிறுத்தினார். "எனக்கு யாரும் இல்ல மேடம். ராத்திரி கண்ணை மூடினா ஒரு கொழந்தை ஓடிவரும். இது போதும்னு இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன் அவளை?"

"வேணாம் மேடம்."

"சொல்லுங்க."

குணசீலன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் மாசம். அவளுக்கு வயித்துல இருந்த கொழந்தை ஏழாம் மாசம் தவறிப்போச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணி, அம்மா வந்துடுன்னா. நீங்க, எம்பேரு இல்லாம இங்க ஒரு வேலையும் நடக்காதுன்னீங்க. அவ அழுதா. கொழந்தை அடுத்த வருஷம்கூடப் பொறக்கும், மார்ச் கணக்கு போச்சுன்னா திரும்பி வராதுன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க."

தாம் போயிருந்தாலும் அந்தப் பெயரில் அன்று கூடம் முழுவதும் வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும் என்பதைச் சௌந்தரவல்லிக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"யாரோ ஒரு கல்நெஞ்சக்காரியைப் பத்திக் கேக்குற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்படியே இருந்துடுங்க மேடம். வலிக்காது. சொன்னது என்னன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? போன் போட்டு மன்னிப்புக் கேட்டுடுங்க."

"கேட்டேன்னு வைங்க. வலிக்காத வாயால கேட்டா அவளுக்குத் தெரியாதா?"

குணசீலன் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய கை விசைப்பலகையின் மேல் கிடந்தது, நகரவில்லை. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து உக்காந்திருப்பேன். அவகூடப் பேசணும்போல இருக்கும். நம்பர்கூடத் தெரியும். ஆனா நான் யாருன்னு சொல்றது? எனக்கு அவளைத் தெரியும், அவளுக்கு என்னைத் தெரியாதே" என்றார். பிறகு, சைக்கிளின் பிடியை விடுபவர் விடுவதுபோல, ஓசைப்படாமல் விசையை அழுத்தினார்.

சௌந்தரவல்லி கத்தவில்லை. கோப்புக்கட்டின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, மகள் பிறந்ததிலிருந்து அந்தத் தொலைபேசி அழைப்புவரை எல்லாம் வந்து முடியும்வரை அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து நேரே உதவிப் பொறியாளரின் அறைக்குப் போனார்.

"எனக்கு இன்னியிலேருந்து லீவு வேணும் சார்."

"என்னம்மா இது, மார்ச் கணக்கு இருக்கே! நீங்க இல்லாம எப்படி?"

"அது நடக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலை வண்டியிலேயே சென்னைக்குப் போய், அங்கிருந்து போபாலுக்கு இரயிலேறினார்.

அதன்பிறகு நடந்தவை இவை. சகாயராஜ் அந்த வாரமே எல்லோரையும் அவரவர் பெயருக்கே திருப்பி, வேண்டிய உரிமைகளைப் பகிர்ந்து கொடுத்தார். கடவுச்சொல்லைக் கூடத்தில் கூவும் வழக்கம் நின்றது. வால்வுகளைப்பற்றிய அறிவு ஒரே தலைக்குத் திரும்பிவிட்டதால், வடக்குத் தெருவுக்குச் சில நாள் தண்ணீர் வரவில்லை; வால்வுக்காரர் சுத்தியலோடு அலைந்து மறுபடி கற்றுக்கொண்டார். மார்ச் கணக்கு, சௌந்தரவல்லி இல்லாமலே, உரிய நாளில் முடிந்தது. ஜுபைதா நகராட்சி நீச்சற்குளத்தில் சேர்ந்து நீந்தக் கற்றார்.

சௌந்தரவல்லி ஏப்ரல் மாதக் கடைசியில் திரும்பினார். போபாலில் தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அவர்கள் பேசியபோது சௌந்தரவல்லியின் பெயரில் வேறு யாரும் நுழைந்திருக்கவில்லை. மே மாதத்தில் மைதிலி ஊருக்கு வந்தாள். ஒரு பகற்பொழுதில் தாய் அவளை அலுவலகத்துக்கு அழைத்துவந்து, ஒவ்வொரு மேசையாகக் காட்டினார். குணசீலனுக்கு அதற்குள் எதுவும் நினைவில் இல்லை. தம்மிடம் எதுவோ இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அவர் எழுந்து நின்று, இரயிலில் கூட்டம் அதிகமா என்று கேட்டார். ஆமாம் என்று மைதிலி சொன்னாள். குணசீலன் தம் நாற்காலியை இழுத்து, அவளை உட்காரச் சொன்னார், அவள் உட்கார்ந்தாள்.